முன்னாள் மாணவியர் சங்கத்தில் நல்லது கெட்டது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளிகளில் படித்துப் போனவர்களின் சங்கங்களுக்காக எழுதியது இது. கல்யாணம், பணி ஓய்வு, மணிவிழா, மறைவு என்று உறுப்பினர் வீட்டு நல்லது கெட்டதுகளைத் திரட்டி மற்றவர்களுக்குச் சொல்லும் பொறுப்பை யார் ஏற்றாலும், முதல் ஓராண்டுக்குள் இந்தக் கேள்விகளில் பாதியாவது வந்து நிற்கும். ஆண்கள் பள்ளிச் சங்கங்களின் நடைமுறையை அப்படியே எடுத்து நடத்த முடியாது. பெண்களுக்குக் கல்யாணத்தோடு முன்னெழுத்து மாறுகிறது, ஊர் மாறுகிறது; பல வீடுகளில் போனே இன்னொருவர் கையில்தான் இருக்கிறது.

உறுப்பினர் பட்டியலில் எந்தப் பெயரை எழுதுவது?

பள்ளியில் இருந்த பெயரை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு மாதிரிக்கு: வகுப்பில் மு. செல்வியாக இருந்தவர் கல்யாணத்துக்குப் பின் ரா. செல்வி ஆகியிருப்பார், பாஸ்போர்ட்டில் செல்வி ராஜேந்திரன், தோழிகளுக்கோ இன்றைக்கும் ‘பி செக்‌ஷன் செல்வி’. ‘ரா. செல்வியின் மகளுக்குத் திருமணம்’ என்று செய்தி போட்டால் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குக்கூட யாரென்று தெரியாது.

ஆகவே எக்செல் தாளில் பெயருக்கு மட்டும் நான்கு பத்திகள் வேண்டும்: முன்னெழுத்தோடு பள்ளிப் பெயர், தந்தையின் முழுப்பெயர், இப்போது புழங்கும் பெயர், தோழிகள் கூப்பிட்ட பெயர். தந்தை பெயருக்குத் தனிப் பத்தி எதற்கென்றால், ஆங்கிலவழி வகுப்புப் பட்டியலில் ‘கே’ என்ற ஒரே எழுத்து கண்ணனாகவும் இருக்கலாம், கிருஷ்ணனாகவும் இருக்கலாம், குமாரசாமியாகவும் இருக்கலாம். ஒரே வகுப்பில் மூன்று கே. விஜயலட்சுமி இருந்தால் அந்த முழுப்பெயர் இல்லாமல் பிரிக்கவே முடியாது. ஐந்தாவதாக ஒரு குறிப்புப் பத்தி: செக்‌ஷன், விடுதியா வீடா, எந்த ஊரிலிருந்து பஸ்ஸில் வந்தவர். எண்பது வயது ஆசிரியைக்கு முன்னெழுத்து மறந்திருக்கும். ‘கடைசி பஸ்ஸுக்கு ஓடுவாளே’ என்பது மறக்காது.

மாற்றுச் சான்றிதழின் நகல் யாரிடமாவது இருந்தால் அதிலுள்ள சேர்க்கை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் எத்தனை முறை மாறினாலும் அந்த எண் மாறாது.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க முடியுமா?

தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுத்துக் கேட்கலாம். தருவது அவருடைய விருப்பம். தந்தால் அலுவலகத்திலேயே உட்கார்ந்து வேண்டிய பெயர்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், பக்கங்களைப் போனில் படம் எடுக்காதீர்கள். அந்தப் பதிவேட்டில் சாதியும் பிறந்த தேதியும் இருக்கின்றன. ஒரு பக்கம் குழுவில் பரவிவிட்டால் அடுத்த முறை எந்தத் தலைமையாசிரியரும் அலமாரியைத் திறக்க மாட்டார். அதில் நியாயமும் இருக்கிறது. மார்ச், ஏப்ரல் பொதுத்தேர்வு மாதங்களிலும், ஜூன் சேர்க்கை நேரத்திலும் போய் நிற்க வேண்டாம்.

ஒருவர் எந்த ஆண்டு பேட்ச் என்று எப்படி முடிவு செய்வது?

1978க்கு முன்னால் முடித்தவர்களுக்குப் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.தான் பள்ளியின் கடைசிப் படி. அதன்பின் கல்லூரியில் புகுமுக வகுப்பான பி.யூ.சி. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்து, முதல் பிளஸ் டூ தேர்வு 1980இல் நடந்தது. அதனால் அந்த இரண்டு மூன்று ஆண்டுப் பேட்ச்களில் எப்போதும் குழப்பம் இருக்கும். பல பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்கு மேல்நிலை அந்தஸ்து பின்னால்தான் கிடைத்தது, ஆகவே பத்தாவதோடு ஒரு கூட்டம் வேறு பள்ளிக்குப் போயிருக்கும்; பிளஸ் ஒன்னுக்கு வெளியிலிருந்து ஒரு கூட்டம் வந்திருக்கும்.

பத்தாவது முடித்த ஆண்டு, பிளஸ் டூ முடித்த ஆண்டு என்று இரண்டு பத்திகள் வையுங்கள். பழைய எஸ்.எஸ்.எல்.சி.க்காரர்களுக்கு முதல் பத்தியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த ஆண்டு மட்டும். ஒருவர் இரண்டு பேட்ச்சிலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

எட்டாவதில், ஒன்பதாவதில் நின்றுபோனவர்களும் முன்னாள் மாணவிகளா?

ஆம். இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ‘இப்பள்ளியில் தேர்ச்சி பெற்று வெளியேறியவர்’ என்று விதிமுறையில் எழுதிவைத்திருக்கும் சங்கங்கள் அந்த வரியைத் திருத்த வேண்டும். ‘இப்பள்ளியில் ஒரு கல்வியாண்டேனும் படித்தவர்’ என்றால் போதும்.

பெரியவளானதும் நிறுத்தப்பட்டவர்கள், தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்டவர்கள், பதினைந்து வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் எல்லாப் பழைய பேட்ச்சிலும் உண்டு. பெண்ணின் திருமண வயது சட்டப்படி 18 ஆனதே 1978இல்தான். எட்டாவது படித்தால் 5,000 ரூபாய் என்று மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் 1989இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் வருகைப் பதிவேட்டில் ஆறாம் வகுப்பில் இருக்கும் பெயர்களைப் பத்தாம் வகுப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.

இவர்களைத் தேடுவது கடினமில்லை, பெரும்பாலும் அதே வட்டாரத்தில்தான் இருப்பார்கள். குழுவில் சேரத் தயங்குவார்கள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் செய்தி போடுவது, படிப்பு வேலை விவரம் கேட்டுப் படிவம் அனுப்புவது, இந்த இரண்டும் அவர்களைத் துரத்திவிடும். போனில் கூப்பிட்டுப் பேசுங்கள், பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எந்தெந்த நல்ல செய்திகளைப் போடலாம்?

அந்த மாணவியின் வாழ்க்கையில் நடந்தது எதுவானாலும் போடலாம். வேலை, பதவி உயர்வு, ஓய்வு, பட்டம், புத்தகம், விருது, உள்ளாட்சித் தேர்தல் வெற்றி, கடை திறப்பு, வீடு கட்டிக் குடிபோனது, ஐம்பது வயதில் ஓட்டுநர் உரிமம் வாங்கியது. அறுபதில் மணிவிழா, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதைத் தாண்டினால் சதாபிஷேகம். ஆயிரம் பிறை கண்ட தோழிக்கு வாழ்த்துச் சொல்ல அவர் கணவர் உடனிருக்க வேண்டும் என்பதில்லை. சடங்கு அவர்கள் வீட்டு விஷயம், வயது அவருடையது.

பிள்ளைகளின் மதிப்பெண், மருமகனின் பதவி, பேரன் போன வெளிநாடு ஆகியவற்றில் கொஞ்சம் கை இறுக்கம் வேண்டும். அவை நிறைய வர ஆரம்பித்தால் கல்யாணம் ஆகாதவர்களும் பிள்ளை இல்லாதவர்களும் ஓசைப்படாமல் குழுவைவிட்டுப் போய்விடுவார்கள். பிள்ளைகள் கல்யாணத்துக்கும் பேரக்குழந்தை பிறப்புக்கும் ஒரு வரி. மாணவியின் சொந்தச் செய்திக்கு ஒரு பத்தி. இந்த அளவை எல்லோருக்கும் ஒன்றாக வைத்துக்கொண்டால் மனத்தாங்கல் வராது. மாவட்ட ஆட்சியர் ஆனவருக்கும் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்கும் ஒரே நீளம்.

விவரப் படிவத்தில் ‘கணவர் பெயர், கணவர் தொழில்’ என்ற கட்டங்களை எடுத்துவிடுங்கள். சொல்ல விரும்புகிறவர்கள் ‘குடும்பம் பற்றி’ என்ற ஒரே கட்டத்தில் எழுதிக்கொள்வார்கள்.

நல்ல செய்தியை எப்படி எழுதுவது?

இந்த வரிசையில்: பள்ளிப் பெயர், பேட்ச், இப்போதைய பெயர், என்ன நடந்தது, தேதி, ஊர். ‘மு. செல்வி (1986 பேட்ச், பி செக்‌ஷன், இப்போது செல்வி ராஜேந்திரன்) மே 31 அன்று அஞ்சல் துறையிலிருந்து ஓய்வு பெற்றார்.’ இதற்குப் பிறகு அவர் செய்த வேலையைப் பற்றி இரண்டு வாக்கியம். ‘சாதனைப் பெண்மணி’, ‘சிங்கப்பெண்’ போன்ற பட்டங்கள் வேண்டாம், செய்த வேலையைச் சொன்னாலே போதும்.

எழுதியதை வெளியிடும் முன் அவருக்கே அனுப்பிச் சரி என்று வாங்குங்கள். தோழி சொன்னார் என்று போட்டுவிட்டு, அலுவலக உத்தரவு இன்னும் வரவில்லை, வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று சங்கடப்படுவது அடிக்கடி நடக்கிறது. கர்ப்பச் செய்தியைக் குழந்தை பிறக்கும்வரை போடவே வேண்டாம். நிச்சயதார்த்தமும் அப்படியே, கல்யாணம் முடியட்டும்.

இறப்புச் செய்தி வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

உறுதிப்படுத்த வேண்டும். குழுவில் வந்தது, முகநூலில் பார்த்தது எதுவும் போதாது. குடும்பத்தில் ஒருவர் அல்லது அதே ஊரில் நேரில் அறிந்த ஒருவர் சொல்ல வேண்டும். ஒரே பெயர், ஒரே முன்னெழுத்து என்பதால் உயிரோடு இருப்பவருக்கு இரங்கல் வந்து குவிந்த கொடுமை பல குழுக்களில் நடந்திருக்கிறது. சேர்க்கை எண்ணும் தந்தை பெயரும் இங்கேதான் கைகொடுக்கும். ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கவலைக்கிடம் என்ற செய்திகளைக் குடும்பம் கேட்டாலன்றிப் போடக் கூடாது.

உறுதியானதும் தாமதிக்க வேண்டாம். இஸ்லாமியக் குடும்பங்களில் கூடிய விரைவில், பெரும்பாலும் அன்றைக்கே நல்லடக்கம் நடந்துவிடும். இந்துக் குடும்பங்களில் அன்றோ மறுநாளோ எடுத்துவிடுவார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் வெளியூர் உறவினர் வரக் காத்திருப்பதுண்டு, ஆராதனை எந்தத் தேவாலயத்தில், அடக்கம் எந்தக் கல்லறைத் தோட்டத்தில் என்று இரண்டு நேரம், இரண்டு இடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தார் அச்சிடும் சுவரொட்டியில் ‘இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார்’ என்றுதான் இருக்கும். படமும் கடைசிக் கால ஆதார் அட்டைப் படமாக இருக்கும். அதை அப்படியே குழுவுக்கு அனுப்பினால் கூடப் படித்தவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு மாதம் கழித்து, ‘அது நம்ம சரோஜாவா?’ என்று அழுவார்கள். முதல் வரியில் பள்ளிப் பெயரும் பேட்ச்சும் வர வேண்டும். கையிலிருந்தால் வகுப்புப் படத்திலிருந்து அவர் முகத்தை வெட்டி, இன்றைய படத்தின் பக்கத்தில் வையுங்கள்.

அதன்பின் வீட்டு முகவரி, எடுக்கும் நேரம், வழி. தொடர்புக்கு வகுப்புத் தோழி ஒருவரின் எண்ணைக் கொடுங்கள், மகன் மகள் எண்ணைக் கொடுக்காதீர்கள். அன்றைக்கு அவர்கள் நாற்பது போன் எடுக்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். இறந்த காரணத்தை எழுத வேண்டியதில்லை. தற்கொலை, விபத்து, குடும்பத் தகராறு என்று பேச்சு இருந்தால் நிர்வாகிகள், குழுவில் பதில் போடும் வசதியை இரண்டு நாள் நிறுத்திவைத்து, இரங்கலைத் தனியாக வாங்கித் தொகுத்துக் குடும்பத்துக்குக் கொடுப்பது நல்லது.

‘காலமானார்’ என்று எழுதலாமா, வேறு சொல்லா?

‘காலமானார்’ எல்லோருக்கும் பொருந்தும், பொது அறிவிப்புக்கு அதுவே போதும். குடும்பம் தன் வழக்கப்படி ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’, ‘வஃபாத்தானார்’ என்று எழுதிக் கேட்டால் அப்படியே போடுங்கள். பகுத்தறிவுக் குடும்பங்கள் ‘இயற்கை எய்தினார்’, ‘மறைந்தார்’ என்பார்கள். அவர்களுக்கு ‘இறைவன் திருவடியில் இளைப்பாறட்டும்’ என்று வரிசையாக வந்து விழுவது வருத்தமாக இருக்கும். நிர்வாகி முதலில் எழுதும் வரி எப்படி இருக்கிறதோ, பின்னால் வருபவர்களும் பெரும்பாலும் அதையே பின்பற்றுவார்கள். அதனால் அந்த முதல் வரியை யோசித்து எழுதுங்கள்.

அஞ்சலிக் கூட்டத்தில் படத்துக்கு மாலை, குத்துவிளக்கு வைக்கலாமா?

மறைந்தவர் இந்து என்றால் குடும்பம் பெரும்பாலும் எதிர்பார்க்கும். இஸ்லாமியர் என்றால் படம், மாலை, விளக்கு மூன்றும் வேண்டாம். கிறிஸ்தவரில் சிலர் மாலையை ஏற்பார்கள், பல சபைகளில் ஏற்க மாட்டார்கள், கேட்டுவிடுங்கள். ஒரே ஆண்டில் மறைந்த பலரை ஒன்றாக நினைவுகூரும்போது எல்லோருக்கும் ஒரே முறை வேண்டும்: பெயர் வாசித்தல், ஒரு நிமிட மௌனம், ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு நிமிடப் பேச்சு. பேசுபவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். எழுதாமல் மேடையேறினால் இரண்டு நிமிடம் பதினைந்தாகும், கடைசிப் பெயருக்கு நேரம் இருக்காது.

நினைவு நாளை எந்தத் தேதியில் வைப்பது?

ஆங்கிலத் தேதியில். வீட்டில் திதிப்படி கொடுப்பார்கள், அது ஆண்டுதோறும் மாறும்; சங்கம் அதைத் தொடர முடியாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஆண்டு நினைவுச் செய்தி போடுவது மூன்றாம் ஆண்டிலேயே நின்றுபோகும். முதல் ஆண்டு ஒரு செய்தி போடுங்கள். அதன்பின் ஆண்டுக் கூட்டத்தில் எல்லாப் பெயரும்.

தோழியின் கணவர் இறந்துவிட்டார். சங்கம் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு பேராவது நேரில் போக வேண்டும். பதினாறாம் நாளுக்குப் பிறகு, கூட்டம் எல்லாம் கலைந்த பின்னும் ஒருமுறை போக வேண்டும். சங்கத் தோழிகள் இதில்தான் உறவினரைவிட உதவியாக இருக்க முடியும்: இறப்புச் சான்றிதழ் எத்தனை நகல் வாங்கினார், வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தாரா, குடும்ப ஓய்வூதியப் படிவம் போனதா, வங்கிக் கணக்கில் நாமினி யார் என்று கேட்டு, தெரிந்தவர் ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள்.

இஸ்லாமியத் தோழி நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் (கணவரை இழந்தவர் காக்கும் காத்திருப்புக் காலம்) இருப்பார், அதுவரை கூட்டத்துக்குக் கூப்பிட்டு நெருக்க வேண்டாம். இந்து வீடுகளில் தலைதிவசம்வரை, அதாவது முதலாண்டுத் திதிவரை, விசேஷங்களுக்குப் போகாமல் இருப்பார்கள். அது முடிந்ததும் முதல் அழைப்பு சங்கத்திலிருந்தே போகட்டும். அடுத்த ஆண்டு விழாவில் குத்துவிளக்கு ஏற்ற அவரையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். ‘சுமங்கலிகள் ஐந்து பேர் வாங்க’ என்று ஒலிபெருக்கியில் அழைக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். பேட்ச்சுக்கு ஒருவர், வயது வரிசையில் என்று வைத்துக்கொண்டால் பிரச்சினையே வராது.

ஆசிரியை ஓய்வு பெறும் நாளை எப்படித் தெரிந்துகொள்வது?

பிறந்த மாதம் தெரிந்தால் போதும். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. அறுபது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு மட்டும் முந்தைய மாதத்தின் கடைசி நாள். கல்வியாண்டின் நடுவில் வந்தால் ஆண்டு முடியும்வரை மறுநியமனம் பெற்றுப் பணியைத் தொடர்பவர்களும் உண்டு, ஆகவே விழா நாளை அவரிடமே கேட்டு வையுங்கள். பொன்னாடை, கேடயம் எல்லாம் வீட்டில் ஏற்கெனவே அடுக்கிக் கிடக்கும். ஒவ்வொரு பேட்ச்சும் ஒரு பக்கம் கையால் எழுதிக் கொடுத்த கடிதங்களைத் தைத்துக் கொடுத்தால் எடுத்து எடுத்துப் படிப்பார்.

நினைவுப் பரிசு ஏற்படுத்த எவ்வளவு பணம் வேண்டும்?

ஆண்டுப் பரிசு 2,500 ரூபாய் என்றால் 50,000 ரூபாய் வைப்புத்தொகை வேண்டும். வட்டி 6.5 சதவீதமாக இருந்தால் ஆண்டுக்கு 3,250 வரும். 2,500ஐக் கொடுத்துவிட்டு 750ஐ முதலோடு சேர்க்க வேண்டும். வட்டி முழுவதையும் பரிசாகக் கொடுக்கும் சங்கங்களின் கதி என்னவென்று பழைய பள்ளிகளின் பரிசுப் பட்டியலைப் பார்த்தாலே புரியும். ஒரு காலத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி ஏற்படுத்திய பரிசுகள் இன்று ஒரு பேனா வாங்கக்கூடக் காணாது. புதிதாகத் தொடங்குவதைவிட அப்படி நலிந்துபோன ஒரு பழைய பரிசுக்குப் பணம் சேர்த்து உயிர் கொடுப்பது மேலானது. யாரோ ஒருவர் பெயர் மறுபடியும் மேடையில் வாசிக்கப்படும்.

பணம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் பெரிய சிக்கல். தனிநபர் பெயரில் போட்டால் அவர் காலத்துக்குப் பின் சட்டப்படி வாரிசுகளுக்குப் போகும். சங்கம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் (1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர்), சங்கத்தின் பான் எண்ணில் கணக்கு, இருவர் கையெழுத்து. தலைமையாசிரியர் பதவிப் பெயரில் போடுவதானால் ரசீதின் நகலைச் சங்கத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டிவையுங்கள். தலைமையாசிரியர் மாறும்போது அலமாரியில் மறந்துபோகும் ரசீதுகள் ஏராளம்.

பரிசு விதியை எழுதும்போது அடுத்த முப்பது ஆண்டை யோசியுங்கள். ‘தட்டச்சில் முதலிடம்’, ‘தையலில் முதலிடம்’ என்று எழுதிய பரிசுகள் அந்தப் பாடம் போனதும் நின்றுவிட்டன. ‘இந்தப் பாடம் இல்லாத நிலையில் தமிழில் முதலிடம், இருவர் சமமாக இருந்தால் பகிர்ந்து’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். மதிப்பெண்ணுக்கு ஏற்கெனவே பரிசுகள் நிறைய இருக்கின்றன. வருகைக்கு, விளையாட்டுக்கு, இடையில் நின்று திரும்பி வந்து படிப்பவருக்கு என்று வையுங்கள்.

உதவித்தொகையாகக் கொடுக்க விரும்பினால் அரசு கொடுப்பது எது என்று முதலில் பாருங்கள். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் ஆறாவது முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பின்னர் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. அந்தப் பணம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். சேரும் வாரத்தில் வேண்டிய விண்ணப்பக் கட்டணம், விடுதி முன்பணம், பஸ் செலவு, இரண்டு செட் துணிக்குத்தான் ஆள் இல்லை. சங்கத்தின் ஐயாயிரம் ரூபாய் அந்த வாரத்தில் போனால் ஒரு பெண் சேருவாள்.

வெளிநாட்டில் இருக்கும் தோழிகளிடம் பணம் வாங்கலாமா?

இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். குடியுரிமை மாறியவரிடம், அவர் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கம் வாங்கக் கூடாது. அது சட்டப்படி வெளிநாட்டு நிதி. பதிவு உள்ள சங்கமும் டெல்லி ஸ்டேட் வங்கியின் தலைமைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில்தான் வாங்க முடியும். ‘ஊரில் என் அக்கா கணக்குக்கு அனுப்புகிறேன், அவள் கொடுப்பாள்’ என்பதையும் ஏற்காதீர்கள். நன்கொடை தருபவரிடம் பாஸ்போர்ட் எந்த நாடு என்ற ஒரு கேள்வியைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அரசுப் பள்ளிக்கு என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற அரசுத் திட்டம் வழியாகப் பள்ளியைத் தேர்ந்து நேரடியாகக் கொடுக்கச் சொல்லலாம். வருமான வரிச் சலுகை உள்ள சங்கமானாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்குச் சலுகை கிடைக்காது. இதையும் ரசீது போடும்போதே சொல்லிவிடுங்கள்.

பழைய வகுப்புப் படங்களில் இருப்பவர்களை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் படத்தைக் காப்பாற்றுங்கள். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரித்து எடுக்காதீர்கள், மேல்பூச்சு கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில், கறுப்புத் துணியைப் போர்த்திப் பிரதிபலிப்பைத் தடுத்து, கண்ணாடி மேலேயே படம் எடுங்கள். பிரியும் படமானால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். அட்டையின் கீழே ‘அமர்ந்திருப்பவர் இடமிருந்து வலம்’ என்று பெயர்கள் அச்சாகியிருக்கும். பல வீடுகளில் சட்டம் போட்டவர் அந்த ஓரத்தை வெட்டியிருப்பார். அதனால் ஒரே படத்தின் மூன்று நான்கு பிரதிகளைத் தேட வேண்டும்.

ஏ3 அளவில் அச்செடுத்து, மேலே பட்டர் பேப்பர் வைத்து, ஒவ்வொரு தலையையும் பென்சிலால் சுற்றி எண் போடுங்கள். பின்வரிசை இடது மூலையில் 1 தொடங்கி வரிசை வரிசையாக. எண் போட்ட தாளும் வெறும் படமும் இரண்டும் குழுவில் போக வேண்டும். ‘மூன்றாவது வரிசையில் ரெட்டைச் சடை’ என்று பேசிக்கொண்டிருந்தால் முடிவே வராது, ‘27 யார்?’ என்றால் பதில் வந்துவிடும். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு பேர் உறுதி சொன்ன பின்தான் மையில் எழுதுங்கள். ஒருவர் மட்டும் சொன்னது பென்சிலிலேயே இருக்கட்டும். ஓரத்தில் கைக்கட்டி நிற்கும் ஆயாம்மா, மணியடித்தவர், தண்ணீர் ஊற்றியவர் இவர்களின் பெயர் அட்டையில் இருக்காது. அவர்களுக்கும் எண் உண்டு, பெயர் தேட வேண்டும்.

பேட்ச் சந்திப்புக்கு எந்த நாள் தோது?

டிசம்பர் கடைசி வாரம், அரையாண்டு விடுமுறையில். பள்ளி வகுப்பறைகள் காலியாக இருக்கும், வெளிநாட்டுத் தோழிகள் வந்திருப்பார்கள், மார்கழி என்பதால் முகூர்த்தம் இல்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆராதனை நாள்களை மட்டும் தவிருங்கள். மே மாதம் வெயில். தை, வைகாசி, ஆவணியில் ஞாயிறுகள் முகூர்த்தத்துக்குப் போய்விடும். காலை பத்து முதல் மாலை நான்குக்குள் முடியட்டும். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்ற நிலையில் பலர் இருப்பார்கள்.

வருகைப் பதிவு எடுப்பதும் ‘உள்ளேன் அம்மா’ என்பதும் எல்லோரும் ஆசைப்படும் பகுதி. மறைந்தவர்களின் பெயரை அதற்கு முன்பே தனியாக வாசித்துவிடுங்கள். நடுவில் ஒரு பெயருக்குப் பதில் வராமல் போய், விஷயம் தெரியாத ஒருவர் அங்கேதான் முதலில் அறிந்துகொள்வது கொடுமை. வயதான ஆசிரியைகளுக்குக் கை வைத்த நாற்காலி, தரைத்தளத்தில் கழிப்பறை, அழைத்துவந்து திரும்பக் கொண்டுபோய் விட ஒரு மாணவி. அவர்களை முக்கால் மணி நேரத்துக்கு மேல் மேடையில் உட்கார வைக்காதீர்கள்.

பள்ளியின் 75ஆம் ஆண்டா, 75 ஆண்டு நிறைவா?

1950 ஜூனில் தொடங்கிய பள்ளிக்கு 75ஆம் ஆண்டு 2024 ஜூனில் பிறக்கிறது, 2025 ஜூனில் நிறைகிறது. நிறைவில் பவள விழா வைப்பதே வழக்கம். 25 வெள்ளி, 50 பொன், 60 வைரம், 75 பவளம். தொடக்க நாள் எது என்பதில்தான் தகராறு வரும்: தொடக்கப் பள்ளியாக ஆரம்பித்த நாளா, ஆண்கள் பள்ளியிலிருந்து பிரிந்த நாளா, உயர்நிலை அங்கீகாரம் வந்த நாளா? எழுத்தில் ஆதாரமுள்ள மிகப் பழைய நாளை எடுங்கள், மற்ற நாள்களை மலரில் குறியுங்கள். யாழ்ப்பாணம் உடுவில் மகளிர் கல்லூரி 1824இலிருந்து எண்ணி 2024இல் இருநூறைத் தொட்டது. இடையில் எத்தனையோ மாற்றம் வந்தும் எண்ணிக்கை முதல் நாளிலிருந்துதான்.

வாட்ஸ்அப் குழுவில் போன் எண் எல்லோருக்கும் தெரிகிறதே?

சாதாரணக் குழுவில் தெரியும். சேர்க்கும் முன் சம்மதம் கேளுங்கள். கம்யூனிட்டி அமைத்து அதன் அறிவிப்புக் குழுவில் மட்டும் சேர்த்தால் உறுப்பினர் எண் மற்ற உறுப்பினருக்குத் தெரியாது. நல்லது கெட்டது சொல்ல அது போதும். பிராட்காஸ்ட் பட்டியல் 256 பேருக்குத்தான் போகும், அதுவும் உங்கள் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும். ‘எனக்குச் செய்தியே வரல’ என்று குறைப்படுபவர்களில் பலர் அந்த எண்ணைச் சேமிக்காதவர்கள்தான். கணவரின் எண்ணையோ மகனின் எண்ணையோ கொடுத்திருக்கும் தோழிகளுக்குத் தனிப் பட்டியல் வைத்து, மாதம் ஒருமுறை பகலில் கூப்பிட்டுப் பேச ஒருவரை நியமியுங்கள்.

இந்தப் பொறுப்பை அடுத்தவருக்கு எப்படி ஒப்படைப்பது?

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பொதுக்குழுவில், எழுத்தில். ஒப்படைக்க வேண்டியவை: பெயர்ப் பட்டியலின் கோப்பும் அச்சுப் பிரதியும், சங்க ஜிமெயில் கணக்கும் கடவுச்சொல்லும் (மீட்பு எண் பழையவருடையதாகவே இருந்துவிடும், மாற்றுங்கள்), குழு நிர்வாக உரிமை, வைப்புத்தொகை ரசீதுகளும் அவை முதிரும் தேதிகளும், படங்களின் ஹார்டு டிஸ்க், பென்சிலில் நிற்கும் பெயர்களின் தாள். புதியவர் முதல் மூன்று மாதம் அனுப்பும் இறப்புச் செய்திகளைப் பழையவர் ஒருமுறை பார்த்துச் சரி சொன்ன பிறகே அனுப்ப வேண்டும்.